அமெரிக்க ஹைஸ்கூல் ஃபுட்பாலும் பள்ளிகளின் கதையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் பிறந்தால் போதும், டல்லாஸ் பக்கம் புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பங்களிடமிருந்து இந்தக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். வார இறுதித் தமிழ்ப் பள்ளி வாசலிலும் வாட்ஸாப்பிலும் பிறந்தநாள் விருந்துகளிலும் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ஆட்ட விதிகள் கொஞ்சம்தான் இருக்கும், பள்ளிகளின் கதைதான் அதிகம். ஒரு பள்ளி யாருக்காகக் கட்டப்பட்டது, யாரை வாசலில் நிறுத்தியது, எப்போது மூடப்பட்டது என்பதெல்லாம் இந்த நாட்டில் ஃபுட்பால் டீமைப் பற்றி விசாரித்தாலே தெரிந்துவிடும். அதை நம் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

விதியே புரியல. ஸ்டேடியத்துல உட்கார்ந்து சரியான நேரத்துல கைதட்டற அளவுக்குச் சொல்லுங்க, போதும்.

பக்கத்துக்கு 11 பேர். மைதானம் 100 யார்டு நீளம், இரண்டு முனையிலும் கூடுதலாக 10 யார்டு எண்ட் ஸோன். பந்து கையில் இருக்கும் டீமுக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 யார்டு முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு வாய்ப்பு கிடைக்கும், இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தோடு எண்ட் ஸோனுக்குள் நுழைந்தால் டச்டவுன், 6 புள்ளி. அதற்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 1, உதைக்காமல் மறுபடி ஓடியோ பாஸ் பிடித்தோ உள்ளே நுழைந்தால் 2. டச்டவுன் இல்லாமல் தூரத்திலிருந்தே உதைத்து கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் 3.

12 நிமிடக் கால்பகுதிகள் நான்கு. கடிகாரம் அடிக்கடி நிற்கும், அதனால் வீடு திரும்ப இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நம் பக்கத்துச் சத்தத்தைக் கவனித்துக்கொண்டே இருந்தால் மூன்றாவது வாரத்தில் எல்லாம் பிடிபட்டுவிடும்.

எல்லா ஸ்கூலும் ஏன் வெள்ளிக்கிழமை ராத்திரியே ஆடுது?

வெள்ளி ஹைஸ்கூலுக்கு, சனி கல்லூரிக்கு, ஞாயிறு தொழில்முறை ஆட்டமான என்.எஃப்.எல்.லுக்கு என்று ஒரு பங்கீடு பல காலமாக இருக்கிறது. இதற்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. 1960-களில் வந்த ஒரு மத்தியச் சட்டப்படி, செப்டம்பர் இரண்டாவது வெள்ளியிலிருந்து டிசம்பர் இரண்டாவது சனி வரை, வெள்ளிக்கிழமை மாலையிலும் சனிக்கிழமையிலும் பள்ளி, கல்லூரி ஆட்டங்களோடு மோதும்படி என்.எஃப்.எல். ஒளிபரப்பினால், டீம்கள் சேர்ந்து ஒளிபரப்பு உரிமையை விற்க அதற்குத் தந்திருக்கும் சட்டச் சலுகையை இழக்க நேரிடும். தொலைக்காட்சியில் பெரிய ஆட்டம் ஓடினால் ஊர்ப் பள்ளிக்கு டிக்கெட் விற்காது என்ற கவலைதான் காரணம். 2024-ல் என்.எஃப்.எல். பிரேசிலில் ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டம் நடத்தியதே என்று கேட்பீர்கள். அது செப்டம்பர் முதல் வெள்ளி. சட்டம் தொடங்குவது இரண்டாவது வெள்ளியில்.

வார்ஸிட்டி, ஜே.வி., ஃப்ரெஷ்மன் எல்லாம் என்ன?

ஒரே பள்ளியின் மூன்று அடுக்கு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பெரும்பாலும் ஃப்ரெஷ்மன் டீமில், அடுத்தவர்கள் ஜே.வி.யில், பள்ளியின் பெயரைத் தாங்கி வெள்ளிக்கிழமை ஆடுவது வார்ஸிட்டி. கீழடுக்கு ஆட்டங்கள் வார நாளில் நடக்கும். அங்கே கூட்டம் குறைவு, புதியவர்கள் விதி கற்றுக்கொள்ள நல்ல இடம்.

5ஏ, 6ஏ-ன்னு சொல்றாங்களே, 6ஏ ஸ்கூல்னா படிப்பும் நல்லா இருக்குமா?

இல்லை, அதற்கும் படிப்புக்கும் சம்பந்தமே கிடையாது. பள்ளியில் எத்தனை மாணவர்கள் என்பதுதான் கணக்கு. டெக்சாஸில் யூ.ஐ.எல். என்ற அமைப்பு பள்ளிகளை 1ஏ முதல் 6ஏ வரை பிரித்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியமைக்கிறது. வீடு வாங்கும்போது 6ஏ என்று யாராவது பெருமையாகச் சொன்னால், பெரிய பள்ளி என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த யூ.ஐ.எல். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 1910-ல் பள்ளிகளுக்கு இடையே விவாதப் போட்டி நடத்தத்தான் ஆரம்பித்தார்கள். இன்றும் கணிதம், பேச்சு, இசைப் போட்டிகளை அதே அமைப்புதான் நடத்துகிறது.

ஆலன்ல ஒரு ஸ்கூல் ஸ்டேடியத்துக்கு 60 மில்லியன் டாலராமே! அந்தப் பணத்தைப் படிப்புக்குச் செலவழிக்கக் கூடாதா?

உண்மைதான். 2012-ல் திறந்த ஆலன் ஸ்டேடியத்தில் 18,000 பேர் உட்காரலாம், செலவு சுமார் 60 மில்லியன் டாலர். ஊர் மக்கள் வாக்களித்து ஒப்புதல் தந்த கடன் பத்திரப் பணம் அது. கட்டடம் கட்ட என்று வாங்கிய அப்படிப்பட்ட கடனை ஆசிரியர் சம்பளத்துக்குத் திருப்ப முடியாது. ஆனால் கடனை எதற்கு வாங்குவது என்பது மக்கள் கையில்தான் இருக்கிறது. அந்த இடத்தில் உங்கள் கேள்வி நியாயமானது. ஸ்டேடியம் திறந்து இரண்டு வருஷத்துக்குள் கான்கிரீட்டில் விரிசல் கண்டு 2014 சீசன் முழுக்க மூடிக் கிடந்தது. அந்த ஆண்டும் ஆலன்தான் மாநிலக் கோப்பையை வென்றது. அப்போது அங்கே ஆடிய கைலர் மர்ரி பிறகு என்.எஃப்.எல். போனார். பள்ளியில் அவர் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய 42 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

பக்கத்து ஊர் ஃபிரிஸ்கோ வேறு வழியில் போனது. ஆலன் ஊருக்கே ஒரு ஹைஸ்கூல் என்று வைத்துக்கொண்டது. ஃபிரிஸ்கோ பள்ளிகளைச் சிறியதாக வைத்து எண்ணிக்கையைக் கூட்டியது, இன்று 12 ஹைஸ்கூல் இருக்கிறது. ஆலனில் வார்ஸிட்டியில் இடம் பிடிப்பது குதிரைக் கொம்பு, ஃபிரிஸ்கோவில் அதிகப் பிள்ளைகளுக்கு ஆட வாய்ப்பு. என்னைக் கேட்டால் ஃபிரிஸ்கோ வழியே மேல். ஆனால் ஆலன்காரர்களிடம் இதைச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஊர் முழுக்க ஒரே டீமுக்காகக் கத்துவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

புலி, சிங்கம் சரி. ஃபிரிஸ்கோ ஹைஸ்கூலுக்கு ஏன் ரக்கூன்?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. ஃபிரிஸ்கோ என்ற ஊரே ரயிலால் பிறந்தது. செயின்ட் லூயிஸ்-சான் பிரான்சிஸ்கோ ரயில் கம்பெனியைச் சுருக்கமாக ஃபிரிஸ்கோ என்பார்கள், ஊருக்கும் அதே பெயர் வந்தது. அந்தக் கம்பெனியின் சின்னத்தைப் பழைய படங்களில் உற்றுப் பாருங்கள். நான்கு மூலையும் இழுத்துக் கட்டிக் காயவைத்த தோல் மாதிரி ஒரு வடிவம், நடுவே பெயர். அது ரக்கூன் தோல். பள்ளி டீமும் ரக்கூனை எடுத்துக்கொண்டது. ரயில் கம்பெனி போய்விட்டது, அந்த விலங்கு வெள்ளிக்கிழமைதோறும் மைதானத்தில் நிற்கிறது.

இப்படி ஊர்த்தொழிலைச் சொல்லும் பெயர்கள் நாடெங்கும் உண்டு. செவ்விந்தியரைக் கேலியாகவோ கோரமாகவோ காட்டும் பெயர்களும் உண்டு. பழங்குடி மக்கள் பல ஆண்டுகள் போராடியதால் அவை ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. 2019-ல் மேய்ன் மாநிலம் அரசுப் பள்ளிகளில் அவற்றைச் சட்டம் போட்டே தடை செய்தது, அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான்.

ரொம்பப் பழைய போட்டி எது?

பாஸ்டனைத்தான் முதலில் சொல்லுவேன். பாஸ்டன் லத்தீன் பள்ளி 1635-ல் தொடங்கியது, நாட்டின் முதல் அரசுப் பள்ளி. இங்கிலிஷ் ஹைஸ்கூல் 1821-ல் வந்தது, நாட்டின் முதல் அரசு ஹைஸ்கூல். ஒன்று லத்தீனும் கிரேக்கமும் கற்பித்துக் கல்லூரிக்கு அனுப்ப, மற்றது கல்லூரிக்குப் போகாமல் வியாபாரத்துக்கும் தொழிலுக்கும் போகிற பிள்ளைகளுக்கு. இரண்டும் 1887 முதல் நவம்பர் கடைசியில் வரும் தாங்க்ஸ்கிவிங் விடுமுறையை ஒட்டி மோதி வருகின்றன. படிப்பு என்றால் என்ன, யாருக்கு என்ற பழைய வாக்குவாதம் அந்த இரண்டு பெயர்களிலேயே இருக்கிறது.

டெக்சாஸைத் தவிர வேற எங்கேயும் இந்தப் பைத்தியம் கிடையாதா?

ஒஹையோவின் மாசிலன் ஊருக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். வாஷிங்டன் ஹைஸ்கூல், டைகர்ஸ் டீம். ஊரில் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு டீம் ஆதரவாளர் சங்கம் ஒரு குட்டி ஃபுட்பால் பரிசளிப்பது அங்கே மரபு. எட்டு மைல் தள்ளியிருக்கும் கான்டன் மெக்கின்லி பள்ளியோடு 1894 முதல் போட்டி. அந்த மெக்கின்லி, கான்டன்காரரான ஜனாதிபதி வில்லியம் மெக்கின்லி. என்.எஃப்.எல். 1920-ல் உருவானதும் கான்டனில்தான்.

1932 முதல் 1940 வரை மாசிலனில் பயிற்சி கொடுத்த பால் பிரவுன், தானும் அதே பள்ளியில் படித்தவர். பின்னாளில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் டீமின் முதல் பயிற்சியாளர் ஆனார், அந்த டீமின் பெயரே அவர் பெயர்தான். பெரும் பொருளாதார மந்த காலத்தில் எஃகு ஆலை ஊரான மாசிலனுக்கு அரசு வேலைத்திட்டத்தின் மூலம் 1939-ல் கட்டிய ஸ்டேடியம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இத்தனை பெருமை இருந்தும், ஒஹையோவில் 1972-ல் பிளேஆஃப் முறை (சிறந்த டீம்கள் மோதிப் பட்டத்தை முடிவுசெய்யும் கடைசிச் சுற்றுகள்) வந்த பிறகு மாசிலன் மாநிலப் பட்டம் வெல்ல 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இறுதிப் போட்டி ஸ்கோர் 7-2.

ஹோம்கமிங்னு சொல்லி பொண்ணுங்க கழுத்துல பூமாலை மாதிரி ஏதோ தொங்கவிட்டுட்டுப் போறாங்களே, அது என்ன?

ஹோம்கமிங் என்பது பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் வாரம். தேர்த் திருவிழாவுக்குச் சொந்த ஊர் போவதை நினைத்துக்கொள்ளுங்கள், சட்டென்று புரியும். வெள்ளிக்கிழமை ஆட்டம், இடைவேளையில் ராஜா-ராணி அறிவிப்பு, சனிக்கிழமை நடனம். நீங்கள் பார்த்தது 'மம்'. ஒரு காலத்தில் நிஜச் செவ்வந்திப் பூ ஒன்றைச் சட்டையில் குத்துவார்கள். டெக்சாஸில் அது வளர்ந்து, பெரிய துணிப்பூ, பள்ளி நிறத்தில் முழங்கால் தாண்டித் தொங்கும் ரிப்பன்கள், குட்டி மணிகள், பொம்மைகள், சில சமயம் மின்விளக்கு என்று ஆகிவிட்டது. கடையில் வாங்கினால் விலை கையைக் கடிக்கும். கைவேலைக் கடையில் பொருள் வாங்கி, நான்கு பேர் சேர்ந்து வீட்டிலேயே செய்யுங்கள், நன்றாக இருக்கும்.

பிள்ளை ஆடவில்லையே, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். மார்ச்சிங் பேண்டில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஜூலை வெயிலில் தார்த் தரையில் அடி அடியாக எண்ணி நடந்து பழகுவது அவர்கள்தான். ஆட்டத்தன்று இடைவேளை மணி அடித்ததும் பேண்ட் பெற்றோர்கள் பெரிய டிரம்களையும் மேடைப் பொருள்களையும் தள்ளிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடுவதைப் பாருங்கள். அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டால் இந்த ஊரில் உங்களுக்கு நாலு பேர் பழக்கமாகிவிடுவார்கள்.

டென்சல் வாஷிங்டன் கோச்சா நடிச்ச படம் உண்மைக் கதையா?

'ரிமெம்பர் த டைட்டன்ஸ்' படத்தைத்தானே கேட்கிறீர்கள்? அடிப்படை உண்மை. வர்ஜீனியாவின் அலெக்ஸாண்ட்ரியா நகரம் 1971-ல் மூன்று ஹைஸ்கூல்களின் 11, 12-ஆம் வகுப்புகளை டி.சி. வில்லியம்ஸ் பள்ளியில் ஒன்றுசேர்த்தது. ஹெர்மன் பூன் என்ற கறுப்பினப் பயிற்சியாளர் தலைமை ஏற்றார், வெள்ளையரான பில் யோஸ்ட் துணை நின்றார். 13 ஆட்டம், 13 வெற்றி, மாநிலப் பட்டம். அதுவரை எல்லாம் சரி.

ஆனால் படத்தில் வருவது போல அந்தப் பள்ளி 1971-ல்தான் முதன்முதலாகக் கறுப்பு-வெள்ளை மாணவர்களைச் சேர்த்தது என்பது சரியில்லை. 1965-ல் திறந்த நாளிலிருந்தே அது கலப்புப் பள்ளிதான். இறுதிப் போட்டியும் கடைசி நொடி வெற்றி கிடையாது. ரோனோக் நகரில் ஆண்ட்ரூ லூயிஸ் பள்ளியை 27-0 என்று சுருட்டினார்கள்.

படம் சொல்லாத விஷயம்தான் எனக்கு முக்கியம். அந்தப் பள்ளிக்குப் பெயர் கொடுத்த டி.சி. வில்லியம்ஸ், கலப்புப் பள்ளியை எதிர்த்த கல்வி அதிகாரி. தன் பிள்ளைகளுக்காக வழக்கில் சேர்ந்த ஒரு கறுப்பினப் பள்ளிச் சமையல் ஊழியரை வேலையை விட்டே நீக்கியவர். அவர் பெயரைத் தாங்கிய பள்ளிதான் இனங்களை இணைத்ததற்கு உலகப் புகழ் பெற்றது. 2021-ல் பெயரை அலெக்ஸாண்ட்ரியா சிட்டி ஹைஸ்கூல் என்று மாற்றினார்கள், டைட்டன்ஸ் என்ற டீம் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதன் ஸ்டேடியத்துக்கு பார்க்கர்-கிரே என்று பெயர். அதுவும் ஒரு பள்ளியின் பெயர்தான். 1965 வரை நகரின் கறுப்பினப் பிள்ளைகளுக்கான ஹைஸ்கூலாக இருந்தது.

அப்போ கறுப்பினப் பள்ளிகளுக்குத் தனி டீம், தனிப் போட்டியெல்லாம் இருந்ததா?

இருந்தது. தெற்கு மாநிலங்கள் எங்கும் இருந்தது. அதை யாரும் கேட்காமலேயே நான் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். டெக்சாஸில் நான் மேலே சொன்ன யூ.ஐ.எல். வெள்ளையர் பள்ளிகளுக்கு மட்டும் என்று விதியிலேயே எழுதிவைத்திருந்தது. அதனால் கறுப்பினப் பள்ளிகள் 1920 முதல் தங்களுக்கென்று ஓர் அமைப்பை நடத்தின. பின்னாளில் அதற்கு பிரெய்ரி வியூ இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக் என்று பெயர். வெள்ளிக்கிழமை ஸ்டேடியம் வெள்ளையர் பள்ளிகளுக்குப் போய்விடும், இவர்கள் புதனும் வியாழனும் ஆடினார்கள். பல ஊர்களில் வெள்ளையர் பள்ளி கழித்துக் கட்டிய உடைகளையும் ஹெல்மெட்டுகளையும் தைத்து ஒட்டிப் போட்டுக்கொண்டு ஆடியவர்கள் அவர்கள். டெம்பிள் ஊரின் டன்பார் பள்ளியிலிருந்து ஜோ கிரீனும், போமான்ட் சார்ல்டன்-பொல்லார்ட் பள்ளியிலிருந்து பப்பா ஸ்மித்தும், பின்னாளில் என்.எஃப்.எல்.லில் புகழ்பெற்ற இருவருமே, அந்த லீகிலிருந்து வந்தவர்கள்தான்.

ஹூஸ்டனில் யேட்ஸ், வீட்லி என்று இரண்டு பள்ளிகள். யேட்ஸ் 1926-ல் தேர்ட் வார்டில் தொடங்கியது. அடிமையாகப் பிறந்து, விடுதலைக்குப் பின் போதகராகி, 1872-ல் மற்றவர்களோடு சேர்ந்து கறுப்பின மக்களுக்காக எமன்சிபேஷன் பார்க் நிலத்தை வாங்கிய ஜாக் யேட்ஸின் பெயர் அதற்கு. வீட்லி ஃபிஃப்த் வார்டில், 1773-லேயே கவிதை நூல் வெளியிட்ட ஃபிலிஸ் வீட்லியின் பெயரில். அவரும் அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர். 1927 முதல் 1966 வரை தாங்க்ஸ்கிவிங் அன்று இரண்டும் மோதும். 30,000 பேருக்கு மேல் கூட்டம் வந்திருக்கிறது. நல்ல உடை உடுத்தி, தொப்பி வைத்து, குடும்பம் குடும்பமாக வருவார்கள்.

1965-ல் யூ.ஐ.எல். வெள்ளையர் பள்ளிகளுக்கு மட்டும் என்ற அந்த விதியை நீக்கியது. 1970-ல் கறுப்பினப் பள்ளிகளின் லீக் முடிந்துபோனது. யேட்ஸ் மட்டும் சோடைபோகவில்லை. 1985-ல் பெரிய பள்ளிகளின் இறுதிப் போட்டியில், எண்ணெய் வயல் ஊரான ஒடெஸாவின் புகழ்பெற்ற பெர்மியன் டீமை 37-0 என்று வென்றது. அந்த சீசனில் 16 ஆட்டமும் வெற்றி. 1992-ல் மறுபடி மாநில இறுதி வரை போன யேட்ஸ் டீமில் ஜார்ஜ் ஃபிளாய்ட் ஆடினார். 2020-ல் மினியாபொலிஸில் போலீஸ்காரர் முழங்காலுக்குக் கீழே உயிர்விட்ட அதே ஜார்ஜ் ஃபிளாய்ட்தான்.

எல்லாரையும் ஒரே பள்ளியில சேர்த்தது நல்ல விஷயம்தானே? இதுல வருத்தப்பட என்ன இருக்கு?

சேர்த்தது நல்லது, சேர்த்த விதத்தில்தான் வருத்தம். பெரும்பாலான ஊர்களில் மூடப்பட்டது கறுப்பினப் பள்ளிதான். அதன் தலைமையாசிரியர் அடுத்த பள்ளியில் துணைத் தலைமையாசிரியர் ஆனார், தலைமைப் பயிற்சியாளர் உதவிப் பயிற்சியாளர் ஆனார், பலருக்கு வேலையே போயிற்று. பள்ளி நிறம், பாட்டு, டீம் பெயர் எல்லாம் வெள்ளையர் பள்ளியினுடையதே தொடர்ந்தது. கோப்பைகளும் ஆண்டுமலர்களும் குப்பைக்குப் போன ஊர்களும் உண்டு.

ஆஸ்டினின் ஆண்டர்சன் ஹைஸ்கூல் ஓர் உதாரணம். கிழக்கு ஆஸ்டினில் கறுப்பினப் பிள்ளைகள் படித்த பள்ளி, டீம் பெயர் யெல்லோ ஜாக்கெட்ஸ். 1971-ல் நீதிமன்ற உத்தரவுப்படி மூடினார்கள். 1973-ல் நகரின் வடமேற்கே, வெள்ளையர் பகுதியில், அதே ஆண்டர்சன் பெயரில் புதுப் பள்ளி திறந்தார்கள். அதன் டீம் ட்ரோஜன்ஸ். பெயர் மட்டும் ஊரைத் தாண்டிப் போனது, பிள்ளைகள் பேருந்தில் வேறு வேறு திசைக்குப் போனார்கள்.

லிட்டில் ராக் பள்ளி பத்திப் பையனோட பாடத்துல வருது. அங்கேயும் ஃபுட்பால் உண்டா?

உண்டு, அதுவும் பலமான டீம். ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் 1957 செப்டம்பரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் ராணுவப் பாதுகாப்போடு சென்ட்ரல் ஹைஸ்கூலுக்குள் நுழைந்தார்கள். அந்த சீசனில் சென்ட்ரல் டைகர்ஸ் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அந்த ஒன்பது பேருக்கோ டீம், பேண்ட், சங்கம் எதிலும் இடமில்லை. பள்ளிக்குள் போகலாம், பள்ளியின் சந்தோஷத்தில் சேர முடியாது.

அடுத்த ஆண்டு, 1958-59, கலப்புப் பள்ளியைத் தடுப்பதற்காக ஆளுநர் ஃபாபஸ் நகரின் அரசு ஹைஸ்கூல்கள் அத்தனையையும் மூடினார். வகுப்பு நடக்கவில்லை, ஃபுட்பால் மட்டும் நடந்தது! வகுப்பறையை இழந்தாலும் வெள்ளிக்கிழமையை இழக்க ஊர் தயாராக இல்லை. அதே பள்ளியின் குவிக்லி ஸ்டேடியத்தில்தான் 1958 மே மாதம் ஒன்பது பேரில் 12-ஆம் வகுப்பில் இருந்த ஒரே மாணவரான எர்னஸ்ட் கிரீன் பட்டம் வாங்கினார். பார்வையாளர் வரிசையில் மார்ட்டின் லூதர் கிங் உட்கார்ந்திருந்தார். அருகே போனால் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். இன்றும் பள்ளி நடக்கிறது, தேசிய வரலாற்றுச் சின்னமும்கூட.

பழைய ஸ்கூல் பேரை எல்லாம் மாத்தறாங்களே, அதுல டீமுக்கு என்ன சம்பந்தம்?

டைலர் என்ற கிழக்கு டெக்சாஸ் ஊரைப் பாருங்கள். இனம் பிரித்த பள்ளிகள் செல்லாது என்று 1954-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, 1958-ல் அங்கே ராபர்ட் ஈ. லீ பெயரில் புதுப் பள்ளி திறந்தார்கள். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தெற்குப் படையின் தளபதி அவர். டீம் பெயர் ரெபல்ஸ், ஆட்டத்தில் தெற்குப் படைக் கொடி. 1970-ல் கறுப்பினப் பிள்ளைகளின் எம்மெட் ஸ்காட் பள்ளியை மூடினார்கள். நீதிமன்றம் தலையிட்ட பிறகு கொடியும் ரெபல்ஸ் பெயரும் போயின, டீம் ரெட் ரெய்டர்ஸ் ஆனது. பள்ளிப் பெயர் 2020 வரை இருந்தது. இப்போது டைலர் லெகஸி. ஊரின் இன்னொரு பள்ளியான ஜான் டைலரும் அப்போதே டைலர் ஹைஸ்கூல் ஆனது. 1973-ல் அந்தப் பள்ளிக்கு மாநிலப் பட்டம் வாங்கித் தந்தவர், பின்னாளில் என்.எஃப்.எல். நட்சத்திரமான கறுப்பின ஆட்டக்காரர் ஏர்ல் கேம்பல்.

கொடியின் கீழ் தலையில் ஹெல்மெட்டோடு ஓடி வந்த கறுப்பினப் பிள்ளைகளை நினைத்துப் பார்த்தால் டீமுக்கு என்ன சம்பந்தம் என்பது தெரியும்.

சின்ன ஊர்ல 11 பையனுங்களே தேறாதே, அவங்க என்ன பண்ணுவாங்க?

ஆறு பேர் ஆட்டம். 1934-ல் நெப்ராஸ்காவில் ஸ்டீபன் எப்லர் என்ற ஆசிரியர் உருவாக்கினார். பொருளாதார மந்தமும் வறட்சியும் சேர்ந்து கிராமப் பள்ளிகளைப் பிழிந்த காலம் அது. மைதானம் 80 யார்டு நீளம், 40 அகலம். 10 யார்டுக்குப் பதில் 15 முன்னேற வேண்டும். யார் வேண்டுமானாலும் பாஸ் பிடிக்கலாம். ஸ்கோர் எகிறும், 45 புள்ளி வித்தியாசம் ஆனால் இடைவேளையிலோ அதற்குப் பிறகோ ஆட்டத்தை முடித்துவிடுவார்கள். மேற்கு டெக்சாஸில் ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தால், தொடுகோட்டை ஒட்டி வரிசையாக பிக்கப் வண்டிகளை நிறுத்தி, டச்டவுனுக்கெல்லாம் ஹார்ன் அடிப்பார்கள்.

பள்ளியே இல்லாம டீம் மட்டும் இருந்ததுன்னு ஒரு செய்தி படிச்சேன். நிஜமா?

நிஜம். 2021 ஆகஸ்டில் ஒஹையோவின் பிஷப் சிகமோர் என்ற டீம், ஃபுளோரிடாவின் ஐ.எம்.ஜி. அகாடமியிடம் தேசியத் தொலைக்காட்சியில் 58-0 என்று தோற்றது. இவர்கள் யார் என்று எல்லோரும் தேட ஆரம்பித்தபோதுதான், அந்தப் பெயரில் உருப்படியான பள்ளியே இல்லை என்று தெரிந்தது. மாநிலக் கல்வித் துறையும் விசாரித்து அதையே சொன்னது. கல்லூரி உதவித்தொகை கனவில் வந்த பையன்களின் வகுப்புகள் போனதுதான் அதில் பெரிய அநியாயம். நல்ல தனியார் பள்ளிகளை இதோடு சேர்க்காதீர்கள். கலிஃபோர்னியாவின் டி லா சால் 1992-லிருந்து 2004 வரை தொடர்ந்து 151 ஆட்டம் வென்ற நிஜமான கத்தோலிக்கப் பள்ளி.

ஆட்டத்துக்கு முன்னாடி கோச் ஜெபம் பண்ணா நம்ம பையன் என்ன செய்யணும்?

எதுவும் செய்ய வேண்டியதில்லை, சேர வேண்டிய கட்டாயமும் இல்லை. டெக்சாஸின் சான்டா ஃபே ஊர்ப் பள்ளியில் ஆட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியில் ஜெபம் சொன்னதை எதிர்த்து வழக்குப் போட்டது ஒரு மார்மன் குடும்பமும் ஒரு கத்தோலிக்கக் குடும்பமும். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான். 2000-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2022-ல் வாஷிங்டன் மாநில பிரெமர்டன் பள்ளிப் பயிற்சியாளர் வழக்கில், ஆட்டம் முடிந்ததும் அவர் தனக்காக மைதானத்தில் ஜெபிக்கலாம் என்று அதே நீதிமன்றம் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பயிற்சியாளர் தனக்காக ஜெபிக்கலாம், பையன்களைக் கட்டாயப்படுத்த முடியாது. சேரவில்லை என்பதற்காக ஆட்ட நேரம் குறைகிறது என்று தோன்றினால் தேதியோடு எழுதிவைத்துக்கொண்டு பள்ளி முதல்வரிடம் பேசுங்கள்.

ஆடப் போனா மார்க் குறையாதா? ஸ்காலர்ஷிப்பாவது கிடைக்குமா?

டெக்சாஸில் 1984 முதல் சட்டம் இருக்கிறது. ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் ஆட்டத்தில் இறங்க முடியாது. தொழிலதிபர் ராஸ் பெரோ தலைமையிலான குழுவின் யோசனை அது. பயிற்சியாளர்கள் கொதித்தார்கள், கையெழுத்திட்ட ஆளுநர் மார்க் ஒயிட் 1986 தேர்தலில் தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். ஆனால் விதி நிலைத்தது. பேண்டுக்கும் அதே விதிதான்.

ஸ்காலர்ஷிப்பை நம்பி இறங்காதீர்கள். ஹைஸ்கூலில் ஆடும் நூறு பேரில் ஏழு பேர்தான் என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பின் டீம்களுக்குப் போகிறார்கள், அவர்களிலும் எல்லோருக்கும் பணம் கிடையாது.

தலையில அடிபடும்னு பயமா இருக்கு.

பயம் நியாயம்தான், மழுப்ப மாட்டேன். ஹைஸ்கூல் விளையாட்டுகளில் மூளை அதிர்ச்சி அதிகம் ஏற்படுவது ஃபுட்பாலில்தான். 2009-ல் வாஷிங்டன் மாநிலத்தில் தொடங்கி இன்று எல்லா மாநிலத்திலும் சட்டம் உண்டு. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே வெளியே எடுக்க வேண்டும், மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப இறக்கக் கூடாது. பையன் தலைவலியை மறைப்பான், டீமில் இடம் போய்விடும் என்று பயப்படுவான். வீட்டில் கேட்டுக்கொண்டே இருங்கள். ஆட வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

எங்க ஊர் ஸ்கூலோட கதையை எங்கே தேடறது? பொண்ணுக்கு ஹிஸ்டரி ப்ராஜெக்ட் இருக்கு.

முதலில் பள்ளி முகப்பில் கோப்பை அலமாரியைப் பாருங்கள். மிகப் பழைய படம் எந்த ஆண்டு, அதில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம் பொது நூலகம். உள்ளூர் வரலாற்றுப் பகுதியில் ஆண்டுமலர்கள் இருக்கும். டெக்சாஸ் என்றால் வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் நடத்தும் 'போர்ட்டல் டு டெக்சாஸ் ஹிஸ்டரி' தளத்தில் பழைய செய்தித்தாள்களும் ஆண்டுமலர்களும் இலவசமாகப் படிக்கலாம். டீம் பெயரையும் ஆண்டையும் போட்டுத் தேடினால் ஆட்ட அறிக்கைகள் கொட்டும்.

அதோடு நிற்காமல், 1970-க்கு முன் ஊரில் வேறு எந்த ஹைஸ்கூல் இருந்தது என்று நூலகரிடம் கேளுங்கள். மூடப்பட்ட கறுப்பினப் பள்ளிகள் பலவற்றின் பழைய மாணவர்கள் இன்றும் கூடுகிறார்கள், பெரும்பாலும் அந்தப் பகுதிச் சர்ச் மூலம் விசாரித்தால் தொடர்பு கிடைக்கும். பள்ளிப் பிள்ளை வந்து கேட்டால் ஆசையோடு பேசுவார்கள். அந்த மைதானங்களில் ஆடியவர்களுக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. ப்ராஜெக்ட் கடைசித் தேதி வரை காத்திருக்காமல் இந்த வாரமே போன் பண்ணச் சொல்லுங்கள்.